ஜமீன்தார் குடியிருக்கும் மாடி

புதுவாயல்
9 ஜூன் 2025

தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் ஒரே அக்காள் மகள், சர்வ வல்லமையும் பொருந்திய சௌபாக்கியவதி நர்மதாவுக்கு,

தாய்மாமன் வீரராகவன் எழுதிக்கொண்டது. இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன். இதை நீ நம்பமாட்டாய். உன் புருஷன் நம்பமாட்டான். கும்மிடிப்பூண்டி தாலுகா முழுவதையும் மைதானத்தில் உட்காரவைத்து மைக் போட்டுப் படித்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

முதலில் சட்டப் பிரச்சினையை முடித்துவிடுவோம். "இனிமே உங்ககூட ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றுதான் நீ மண்டபத்து வாசலில் சபதம் செய்தாய். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. என் போன் நம்பருக்குத் தடை போட்டாய். தபால்காரருக்கு யாரும் தடை போடவில்லை.

விஷயம் ஜமீன்தாரைப் பற்றியது. கொளத்தூர் மீன் கடையிலிருந்து பாலிதீன் பையில் வாங்கிக்கொண்டு வந்தாயே, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கெளுத்தி? கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, சிவப்பு வால், மூன்று ஜோடி மீசை. "அழகா இருக்குல்ல மாமா, கொஞ்ச நாள் பாத்துக்கோங்க" என்றாய். அந்தக் குட்டி இப்போது வாலை நீட்டிப் படுத்தால் என் இடுப்பைத் தாண்டுகிறது. பழைய தொட்டியில் திரும்ப முடியாமல் கூன் போட்டுவிடும் போலிருந்தது. அதனால் புதிதாகப் பெரிய தொட்டி செய்தேன். உருக்காலையில் என்னோடு கிரேன் ஓட்டிய சகாக்கள் செயின் பிளாக் போட்டு மாடிக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். கீழ்ப்பகுதியைத் தமீம் அன்சாரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். நல்ல பையன். டயர் கம்பெனியில் ஷிப்டு வேலை.

ஜமீன்தார் இதுவரை விழுங்கியவை: தண்ணீர் சூடாக்கும் குழாய், பிளாஸ்டிக் செடி, என் இடது செருப்பு. போன வாரம் என் போன். மறுநாள் மரியாதையாகத் துப்பிவிட்டார். ஆனால் அது செத்துவிட்டது. சரக்கு ரயில் போகும்போது அவர் வாலால் கண்ணாடியில் ஒரு அடி வைத்தால் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் பச்சை விளக்கு சிவப்பாகிறது. ஆந்திராவிலிருந்து நிலநடுக்கத்துக்காரர்கள் கருவியோடு வந்து, "நைனா, இது எங்க கணக்குலயே இல்ல" என்று கும்பிட்டுப் போனார்கள்.

வேறொன்றும் விசேஷம் இல்லை. தமீமின் மனைவி ரமீஸாவுக்கு ஆண் குழந்தை பிறந்து, என் அறைக்கு நேர் கீழே இருக்கும் அறையில் படுத்திருக்கிறாள். அந்த அறையின் மேல்தளத்தில் ஒரு கீறல் தெரிகிறது. சின்னதுதான்.

இப்படிக்கு,
உன் சபதத்தால் சாய்க்கப்பட்ட மாமா

*

தூத்துக்குடி
13 ஜூன் 2025

மாமாவுக்கு,

நான் உங்களோடு பேசவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. என் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் எதிரிலே, "எங்க ஜமீன்தாரு லேசுப்பட்டவர் இல்ல, நர்மதாவ மொதல்ல பாக்க வந்த மாப்பிள்ளயோட மோதிர விரலையே கடிச்சிட்டாரு" என்றீர்கள். முதலில் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று ஒருவரே கிடையாது. அப்படியொருவரைத் தேடி அவர்கள் வேப்பம்பட்டு வரைக்கும் விசாரித்தார்கள். என் மாமியார் இன்றைக்கும் என்னைத் தனியாக உட்காரவைத்து, "அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்கிறார்.

அது போகட்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை ஐந்து தடவை படித்தேன். நீங்கள் எதையும் சின்னது என்று சொன்னதை என் பிறப்பிலிருந்து கேட்டதில்லை. கொசு கடித்தால் கழுகு என்பீர்கள். அந்தக் கீறல் மட்டும் "சின்னதுதான்". அதனால்தான் பயமாக இருக்கிறது.

கதை வேண்டாம். பதில் வேண்டும். தொட்டியின் அளவு என்ன? அறையில் எந்தப் பக்கம் இருக்கிறது? கீறல் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது? வளர்கிறதா?

இன்றைக்கே தண்ணீரைப் பாதியாக இறக்குங்கள். ரமீஸாவையும் குழந்தையையும் அந்த அறையிலிருந்து மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, மீனைக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடாதீர்கள். அது நம் ஊர் மீன் இல்லை. வாய்க்கு அடங்கும் எல்லாவற்றையும் தின்றுவிடும். ஞாயிறு 29ஆம் தேதி பெரிய சிமென்ட் குளம் வைத்திருக்கும் பண்ணைக்காரர் ஒருவர் டெம்போவோடு வருவார். பேசிவிட்டேன். அதற்கு முன்னால் அவரால் முடியாதாம்.

நர்மதா

*

புதுவாயல்
17 ஜூன் 2025

மகாகனம் பொருந்திய விசாரணை அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு,

குற்றவாளிக் கூண்டிலிருந்து வாக்குமூலம்.

தொட்டி எட்டடி நீளம். அகலமும் உயரமும் மும்மூன்றடி. கண்ணாடி கட்டைவிரல் கனம். தண்ணீர், ஒரு யானை, அதன்மேல் ஒரு பாகன், பாகன் கையில் ஒரு தூக்குவாளி. ஈசானிய மூலையில் மீன் இருந்தால் வீட்டுக்கு வரும் கண்டத்தை அது வாங்கிக்கொள்ளும் என்றார்கள், வைத்தேன். அந்த மூலைக்குக் கீழேதான் ரமீஸாவின் கட்டில்.

கீறலை நான் நேரில் பார்க்கவில்லை. பிள்ளை பெற்றவள் அறைக்குள் நான் எப்படிப் போவது? தமீம் போனில் படம் எடுத்துக் காட்டினான். சுவரோரம் கிளம்பி நடு அறைக்கு வருகிறது. நடு அறையில் ஒரு இரும்புக் கொக்கி. அதில்தான் தூளி கட்டியிருக்கிறார்கள். போன வாரப் படத்தில் கீறல் கொக்கிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நேற்றைய படத்தில் ஒரு சாண்.

உன் ஆணைப்படி கீழே போனேன். பழவேற்காட்டிலிருந்து ரமீஸாவின் அம்மா கமர் நிஷா வந்திருக்கிறார். அந்த அம்மாள் கண்ணை உருட்டினால் பழவேற்காடு ஏரியில் இறால் தானாகத் தோலை உரித்துக்கொள்ளும். அறை வாசலில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான்.

"அம்மா, சீலிங் சரியில்ல. தாயையும் புள்ளையையும் ஹாலுக்கு மாத்திடுங்க" என்றேன்.

உள்ளே ரமீஸா சிரித்தாள். "இன்னா மாமா, போன வாரம் ஜமீன்தாரு பேப்பர் படிக்கிறாருன்னீங்க. இன்னிக்கு சீலிங்க ஒடிக்கிறாரா?"

"இது நெஜம்மா."

"அதுவும் நெஜம்னுதான் சொன்னீங்க. வெளையாட்டுச் செய்தி மட்டும்தான் படிப்பாருன்னீங்க!"

திரைக்குப் பின்னாலிருந்து கமர் நிஷா பேசினார். சிரிக்கவில்லை. "ஊட்டுக்காரரே, நாப்பது நாளு முடியாத பச்ச ஒடம்புக்காரிய ரோட்டப் பாத்த ஹால்ல கொண்டாந்து போடச் சொல்றீங்களா? போறவன் வர்றவன் கண்ணு பூரா புள்ள மேல உழணுமா? எனக்குத் தெரியும். கம்பெனி ஆளுங்களுக்கு ஊட்ட உட்டா தலைக்கு இவ்ளோன்னு வாடக வரும். எங்களக் கெளப்பறதுக்கு மீனு மேல பழியப் போடறீங்க."

"அப்டி இல்லம்மா..."

"எப்டி இல்ல? எதுத்த ஊட்லயும் இப்டித்தான் செவுத்துல ஓதம்னு சொல்லிக் கெளப்பினானுங்க. இப்ப உள்ள பத்து பேர் இருக்கானுங்க."

நான் பேசாமல் மாடி ஏறினேன். வீரராகவன் பேசாமல் போனான் என்பதைக் கல்லில் வெட்டி வைக்கலாம்.

தண்ணீரைப் பாதியாக இறக்கிவிட்டேன். ஜமீன்தார் முதுகு வெளியே தெரிய நின்று, சொத்து ஜப்தியான ஆள் மாதிரி என்னைப் பார்க்கிறார். இரண்டு நாளாக இரை எடுக்கவில்லை.

மாமா

*

தூத்துக்குடி
20 ஜூன் 2025

மாமாவுக்கு,

கொக்கியைப் பற்றிப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இங்கே பக்கத்து வீட்டில் ஒரு தூளி ஆடுகிறது. ஒவ்வொரு தடவை அது கிறீச்சிடும்போதும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்களை நம்பாவிட்டாலும் என்னை நம்புவார்கள் என்று நினைத்து, ரமீஸா நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன். எடுத்தது அவளுடைய அம்மா.

"நீ யாரும்மா?"

"நான் நர்மதா. ஹவுஸ் ஓனரோட அக்கா பொண்ணு. நான் லேப்ல வேல பாக்கறேன்மா. அந்தத் தொட்டி நெறஞ்சிருந்தா ரெண்டு டன்னுக்கு மேல வெயிட். சாதாரண வீட்டுத் தளம் அதத் தாங்காது."

"மீனு உன்னுதா?"

"ஆமாம்மா."

"மீனு உன்னுது. ஊடு உங்க மாமனுது. எங்கள மட்டும் நடுத்தெருவுல நிக்கச் சொல்றீங்க, இன்னா?"

"நடுத்தெருவுல இல்லம்மா, ஹால்லதான்..."

"உங்க மாமன் பொய் சொன்னாருன்னா சிரிச்சிக்கினே சொல்வாரு. நீ அழுதுக்கினே சொல்ற. ரெண்டும் ஒரே ரத்தம்தானே." வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. அப்படியும் நம்பவில்லை. நீங்கள் அன்றாடம் இப்படித்தான் வாழ்கிறீர்களா, மாமா? தமீமிடமும் பேசினேன். "சரிக்கா, சரிக்கா" என்கிறார். மாமியார் சரி என்ற பிறகுதான் அவருடைய சரிக்கு அர்த்தம் உண்டு என்று புரிந்தது.

தூளியை மட்டுமாவது அவிழ்க்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீரைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். பண்ணைக்காரர் வரும் வரைக்கும் வேறெதுவும் செய்யவேண்டாம். முக்கியமாக, எந்தக் கெட்டிக்காரத்தனமும் வேண்டாம்.

நர்மதா

*

புதுவாயல்
23 ஜூன் 2025

வெற்றி! வெற்றி! வெற்றி!

நர்மதா, ஊதட்டும் சங்கு, முழங்கட்டும் முரசு. உன் மாமனைப் போன்ற ஒரு மூளை மாமல்லபுரத்துக் கோயில் கட்டியவர்களோடு முடிந்துபோனதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தார்கள்.

குழந்தைக்கு உடம்பு மஞ்சளாக இருக்கிறதென்று இன்று காலை தாயையும் பிள்ளையையும் பொன்னேரி டாக்டரிடம் கூட்டிப்போனார் கமர் நிஷா. தமீம் ஷிப்டு முடிந்து வந்து வீட்டில் இருந்தான். சட்டென்று நம் ஜங்ஷனில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பீட்டரைக் கூட்டிவந்தேன். இரண்டு லாரி ஜாக்கி, இரண்டு சவுக்குக் கட்டை. உருக்காலையில் கூரை இறங்கினால் நாங்கள் எஞ்சினியருக்குக் காத்திருந்ததே கிடையாது. கீழே ஜாக்கி, மேலே கட்டை, தூக்கு! அவ்வளவுதான்.

"தல, கல்கத்தா ரோட்ல பதினாறு வீல் லாரியவே தூக்குது. உன் சீலிங் இன்னா பெரிய விசயம்?" என்றான் பீட்டர்.

"சுத்து."

"போதுமா?"

"இன்னும் ரெண்டு சுத்து."

"தல, மேல எதுவோ டிக்குனு சத்தம் வந்துச்சு."

"ஜமீன்தார் விக்கல் எடுத்திருப்பாரு. நீ சுத்து."

தமீம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணெதிரே கீறல் மூடிக்கொண்டது. புண் ஆறுவதுபோல, பூ கூம்புவதுபோல, கடன்காரனைப் பார்த்த வாய்போல! தமீம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க சொன்னது நெஜம்தான்போல" என்றான். அப்போது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை எழுத இந்திய தபால் துறையில் அத்தனை காகிதம் இல்லை.

கீறல்தான் மூடிவிட்டதே, ஜமீன்தார் மட்டும் ஏன் பாதித் தண்ணீரில் தவிக்கவேண்டும்? தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். ஒரு சுற்று வந்து, ஐந்து மத்தி மீனை ஒரே வாயில் விழுங்கினார்.

கமர் நிஷா திரும்பி வந்து, அறைக்குள் முளைத்திருந்த இரண்டு தூண்களைப் பார்த்துக் கூச்சலிட்டது ஆந்திர எல்லை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். உலகம் தன் மேதைகளை எப்போது புரிந்துகொண்டது?

மாமா

பி.கு. தொட்டியின் அடிக் கண்ணாடியில் ஒரு மூலையில் முடி ஒன்று ஒட்டியிருக்கிறது. ஜமீன்தாரின் மீசையாக இருக்கும். துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

*

தூத்துக்குடி
25 ஜூன் 2025
கூரியரில்

மாமா,

அது முடி இல்லை. கண்ணாடியில் விரிசல்.

நீங்கள் தளத்தைத் தூக்கினபோது தொட்டியின் ஒரு மூலையும் சேர்ந்து தூக்கிக்கொண்டது. மற்ற மூலைகள் அப்படியே இருந்தன. பீட்டருக்குக் கேட்ட "டிக்" அதுதான். மேலே இப்போது உடைந்த கண்ணாடியில் ஒரு தொட்டித் தண்ணீர் நிற்கிறது, மாமா. அதற்குக் கீழே அந்தக் குழந்தை.

ஜாக்கியை யாரும் தொடக்கூடாது. கழற்றினால் தளம் சட்டென்று இறங்கும், கண்ணாடி தாங்காது. ரப்பர் ட்யூப் போட்டு உறிஞ்சி, தண்ணீரை மெதுவாக வடித்துக்கொண்டே இருங்கள். வாளியால் மொள்ளாதீர்கள், மீன் மிரண்டு வாலால் அடிக்கும். அது அடித்தால் முடிந்தது. மீனை எதிலாவது மாற்றுங்கள். எதிலாவது.

உங்கள் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன். கூப்பிட்டால் போகவே இல்லை. போன் செத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், அதையும் கதை என்று நினைத்துவிட்டேன். தமீமுக்கு ஷிப்டில் போன் கொண்டுபோகக் கூடாதாம். ரமீஸா நம்பரை அவளுடைய அம்மா எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். பஞ்சர் கடை நம்பர் யாரிடமும் இல்லை. லேபில் லீவு கேட்டிருக்கிறேன், சனிக்கிழமைதான் தருவார்களாம்.

அவர்களை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிடுங்கள். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

நர்மதா

*

புதுவாயல்
27 ஜூன் 2025

நர்மதா,

கடிதம் இப்போதுதான் வந்தது.

ஜாக்கியை நேற்றே கழற்றிவிட்டார்கள். கமர் நிஷா அம்மா பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கழற்றவைத்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கட்டை இரண்டும் தெருவில் கிடந்தன.

கீறல் மறுபடியும் திறந்துவிட்டது. கொக்கியைத் தாண்டிவிட்டது. கொக்கியைச் சுற்றிக் காரை உதிர்ந்திருக்கிறது என்று ரமீஸா சொன்னாள்.

தொட்டி கசிகிறது. காலையில் தூளித் துணி நனைந்திருந்ததாம். அந்த அம்மா ஹாலுக்கு வந்து என்னிடம், "தண்ணி ஊத்தித் தொரத்தப் பாக்குறியா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் பேசப்பேச அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போகிறது.

ட்யூப் போட்டுத் தண்ணீரை வடிக்கிறேன். மெல்லிய ட்யூப். வடிய சாயங்காலம் ஆகும். கண்ணாடி அதுவரைக்கும் நிற்குமா என்று தெரியவில்லை. அந்த முடி இப்போது தொட்டியின் பாதி நீளத்துக்கு ஓடியிருக்கிறது. மீனைப் போட எங்கும் இடம் இல்லை. அது அடியில் அசையாமல் கிடக்கிறது. அசையவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டேன்.

தமீம் காலை ஷிப்டில் இருக்கிறான். ரமீஸா கட்டிலைத் தூளியோடு நெருக்கிப் போட்டிருக்கிறாளாம்.

இதைக் கூரியரில் போடச் சொல்லிப் பீட்டரிடம் கொடுத்துவிட்டுக் கீழே போகிறேன்.

வீரராகவன்

*

தூத்துக்குடி
30 ஜூன் 2025

மாமா,

எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமீம் கூப்பிட்டுச் சொன்னார். தாயும் பிள்ளையும் பழவேற்காட்டில் பத்திரம், தளத்தில் ஒரு பெரிய துண்டு அப்படியே விழுந்துவிட்டது, உங்களுக்குத் தோளில் கட்டுப் போட்டிருக்கிறது, மீன் பீட்டர் கடையில் இருக்கிறது என்றார். நேற்று பண்ணைக்காரரும் வந்து மீனை எடுத்துக்கொண்டதாகச் செய்தி அனுப்பினார். அதனால் நான் கிளம்பவில்லை.

ஆனால் உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தும், அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் வந்து தூக்கிவிட்டார். அதில் ஒரு யானை இல்லை. ஒரு கல்வெட்டு இல்லை. அடியில் "மாமா" என்றுகூட இல்லை. உங்கள் கையெழுத்தில் வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது. நிச்சயதார்த்தத்து அன்றுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பிடிவாதமாக இருந்தவர்கள் எப்படிக் கிளம்பினார்கள்? தமீமுக்குத் தெரியாது. ரமீஸாவைக் கேட்டேன். "உம்மாதான் கெளம்புன்னாங்க, கெளம்பிட்டோம்" என்கிறாள். அவளுடைய அம்மாவிடமே கேட்டேன். இந்தத் தடவை போனை வைக்கவில்லை. "உங்க மாமனையே கேளும்மா" என்றார்.

கேட்கிறேன். ஆனால் போன கடிதம் மாதிரி எழுதாதீர்கள். தயவுசெய்து பொய் சொல்லுங்கள். நிறையச் சொல்லுங்கள்.

நர்மதா

*

புதுவாயல்
4 ஜூலை 2025

அகிலாண்டகோடி பிரம்மாண்டத்திலும் தன் மாமனைப் பார்த்துப் "பொய் சொல்லு" என்று மனு போட்ட முதல் மருமகளான நர்மதாவுக்கு,

மனு ஏற்கப்பட்டது. கேள்.

உன் கூரியரை மடித்துப் பாக்கெட்டில் வைத்தேனா, ஜமீன்தார் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி, "வீரராகவா, படையைத் திரட்டு!" என்று உத்தரவு போட்டார். சுத்தத் தமிழ். லேசாகத் தெலுங்கு வாடை. நான் மாடிப்படி பதினெட்டையும் ஒரே தாவில் தாண்டி, ஹாலில் குதித்தபோது எழுந்த காற்றில் திரை தானாக விலகியது.

ரமீஸா பிள்ளைக்கு இளவெயில் காட்டப் பின்வாசலுக்குப் போயிருந்தாள். கமர் நிஷா அடுப்படியில். அதுதான் நேரம். சிங்கம்போல உள்ளே நுழைந்து, கீறலுக்கு நேர் கீழே, ரமீஸாவின் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். பிள்ளை பெற்றவள் அறையில் அந்நிய ஆண்! இனி எந்தப் பெண் உள்ளே கால் வைப்பாள்? இதுவல்லவோ ராஜதந்திரம்!

கமர் நிஷா வந்தார். திரைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"யோவ் ஊட்டுக்காரரே! எவ படுக்கைல போயி படுத்திருக்க? எழுந்து வாய்யா வெளிய!"

"வரமாட்டேன். நீங்க பழவேற்காடு போங்க."

"வெக்கமா இல்ல? போலீஸக் கூப்புடுவேன்!"

"கூப்புடுங்க. ஆனா ஹால்லயே நிக்கச் சொல்லுங்க. இந்த ரூமுக்குள்ள மட்டும் உட்டுடாதீங்க."

தெரு கூடிவிட்டது. ஜங்ஷனில் பஸ்கள் நின்றன. நெல்லூர் போகிற ரயிலிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து வரிசையில் நின்று என்னைப் பார்த்தார்கள். ஒருவன் வேர்க்கடலை விற்றான். நான் அசையவில்லை. கும்பகர்ணனே வந்து குறட்டை விடக் கற்றுக்கொடுக்கும்படி கெஞ்சினான்.

ஆட்டோ வந்தது. தாயும் பிள்ளையும் பாட்டியும் ஏறினார்கள். ஆட்டோ புதுவாயல் திருப்பத்தைத் தாண்டியது. அடுத்த கணம், டமார்!

மேலே எட்டடிக் கண்ணாடி. நடுவில் தளம். கீழே நான். சமுத்திரம் இறங்கியது. கட்டில் படகாகி ஹால் வழியாகப் பாய்ந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது. முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு ஜமீன்தார், பின்னால் நான். டோல்கேட்டில் மறித்தார்கள். "கட்டிலுக்கு இன்னா ரேட்டு?" என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் புத்தகத்தைப் புரட்டி, "மீனுக்குத்தான்டா காசு, கட்டிலு கூட வந்தது" என்றான். அந்தச் சண்டை முடிவதற்குள் பீட்டர் குறுக்கே விழுந்து ஜமீன்தாரைக் கட்டித் தூக்கி, பஞ்சர் பார்க்கும் சிமென்ட் தொட்டியில் போட்டான். அதன்பிறகு இரண்டு நாளைக்கு எந்த ட்யூபை முக்கினாலும், அதில் ஓட்டை எங்கே என்று ஜமீன்தாரே மீசையால் தொட்டுக் காட்டினார். பண்ணைக்காரர் வந்து கூட்டிப்போனபோது லாரிக்காரர்கள் அழுதார்கள்.

போதுமா? இன்னும் வேண்டுமென்றால் அலையில் அகப்பட்ட பூநாரைகள், மாவட்ட ஆட்சியரின் கப்பல், எல்லாம் கைவசம் இருக்கிறது.

சமுத்திரம் பொய். தெரு கூடினது பொய். சிங்கம், ராஜதந்திரம், அதெல்லாம் பெரிய பொய். கட்டிலில் படுத்தேன். அவர்களைக் கிளப்பியது அங்கே நடந்த ஒரு சின்ன விஷயம்தான்.

படுத்து அண்ணாந்து பார்த்தேன். கொக்கிக்குப் பக்கத்தில் கீறல் திறப்பதும் மூடுவதும் தெரிந்தது, மூச்சு விடுவதுபோல. தண்ணீர் நெற்றியில் சொட்டியது. எனக்கு உடம்பு உதறத் தொடங்கிவிட்டது, நர்மதா. பல்லைக் கடித்துப் பார்த்தேன், கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். நிற்கவில்லை. இரும்புக் கட்டில். அதன் கால் ஒன்று தரையில் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் கமர் நிஷா அம்மா திட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, பின்வாசல் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "ரமீஸா, உள்ள வராத. புள்ளய எடுத்துக்கினு அப்டியே ரோட்டுக்குப் போ" என்றார்.

அது மட்டும் நிஜம்.

மாமா